பெருநாள் காசில் ஒரு கணிப்பொறி

"மாமா, வாப்பாகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொன்னா கேப்பாங்க."

2024 ஏப்ரலில், நோன்புப் பெருநாளுக்கு மறுநாள் காலை, ராத்தாவின் மகன் என் வீட்டுத் திண்ணையில் வந்தமர்ந்து இவ்வாறு தொடங்கினான். பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருந்த நேரம். ஐந்தாறு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்த பெருநாள் காசும், இரு கோடை விடுமுறைகளில் ஊரிலுள்ள கைப்பேசிக் கடையொன்றில் வேலை பார்த்த கூலியுமாக 14,000 ரூபாய் அவன் கையில் இருந்தது. விளையாட்டுகள் தடையின்றி ஓடக்கூடிய கணிப்பொறி ஒன்றை, பாகம் பாகமாகத் தானே தேர்ந்து வாங்கிப் பூட்ட வேண்டும் என்பது அவனது ஆசை.

விளையாட்டுக்கென்று ஒரு கணிப்பொறியா என முகம் சுளிக்கும் பெற்றோர் நம் சமுதாயத்தில் நிறையப் பேர் உண்டு. நானும் அவர்களுள் ஒருவனாகவே இருந்தேன். கல்லூரியில் நான் கற்றது கலைப் பாடம். செய்யும் தொழில் மதரஸாவில் ஓதிக் கொடுப்பது. மின்னணுச் சாதனங்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் பள்ளிவாசல் ஒலிபெருக்கியின் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டுமே. எனினும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, ஷார்ஜாவில் மின்பணியாளராக இருக்கும் மச்சானுக்கு அன்றிரவே பேசினேன்.

மச்சான் வளைகுடா சென்று அப்போது 11 ஆண்டுகள் ஆகியிருந்தன. வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆவுக்குப் பிறகு அழைப்பார். மகனுடன் பேசுவது இரண்டு நிமிடம். "தொழுதியா? படிச்சியா? உம்மாகிட்டக் குடு." இந்த மூன்று வாக்கியங்களுக்கு மேல் வாப்பாவுக்கும் மகனுக்கும் பேசிக்கொள்ள எதுவும் இருந்ததில்லை. அவர் யோசித்துவிட்டுச் சொன்னார்: "காலேஜுக்கு எப்படியும் ஒரு கம்ப்யூட்டர் வேணும் மச்சான். அம்பதாயிரம் அனுப்புறேன். ஆனா நீங்க கூடப் போகணும். ஏமாந்து வந்தா உங்க ராத்தாவுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்."

ராத்தாவுக்கோ அப்பணம் கல்லூரிக் கட்டணத்துக்கென்று ஒதுக்கப்பட்டது. "விளையாட்டுப் பெட்டிக்கு அவ்வளவு பணமா?" என்று என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. ஆக, 64,000 ரூபாயும் அதைவிடப் பெரிய ஒரு பொறுப்பும் என் தலையில் வந்து விழுந்தன.

எந்த விளையாட்டு?

பாகங்களின் பெயர்களை அவன் அடுக்க அடுக்க எனக்குத் தலை சுற்றியது. "முதலில், நீ உண்மையிலேயே விளையாடப் போகும் விளையாட்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுது" என்றேன். அறியாமையால் கேட்ட கேள்விதான். ஆயினும் இத்துறையில் கேட்க வேண்டிய முதற் கேள்வியே அதுதான் என்று பின்னர் தெரிந்து கொண்டேன்.

மைன்கிராஃப்ட், வாலரன்ட், ஃபோர்ஸா ஹொரைசன் 5 என்னும் கார்ப் பந்தயம், கால்பந்தாட்டத்துக்கு எஃப்.சி. 24 என நான்கு பெயர்களை எழுதினான். நான்காவதைப் பற்றி மட்டும் ஒரு நிபந்தனை விதித்தேன். அவ்விளையாட்டில் பணம் கொடுத்து, உள்ளே எந்த ஆட்டக்காரர் இருப்பார் என்று தெரியாத சீட்டுக் கட்டுகளை வாங்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதே நிறுவனத்தின் முந்தைய கால்பந்தாட்டத்தில் இருந்த இவ்வேற்பாட்டைச் சூதாட்டம் என்று பெல்ஜியம் நாட்டின் சூதாட்ட ஆணையம் 2018-இல் அறிவிக்க, 2019 ஜனவரியில் அந்நாட்டில் அவ்விற்பனை நிறுத்தப்பட்டது. முஸ்லிம் அல்லாத ஒரு நாட்டுக்கே உறுத்திய செயல் நமக்கு உறுத்தாமல் இருக்கலாமா? பந்தை உதைப்பதோடு நிறுத்திக்கொள்வதாக வாக்களித்தான்.

பட்டியல் கையில் வந்ததும் அவன் எனக்கு ஒரு கணக்குச் சொல்லிக் கொடுத்தான். நாம் பார்க்கும் திரை சிறுசிறு புள்ளிகளால் ஆனது. முழு எச்.டி. எனப்படும் சாதாரணத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080, மொத்தம் 20,73,600. கண்ணுக்கு அசைவு தடையின்றித் தெரிய, நொடிக்கு 60 தடவையேனும் இத்தனை புள்ளிகளையும் புதிதாக வரைந்தாக வேண்டும். அதாவது ஒரு நொடிக்கு 12 கோடியே 44 லட்சம் புள்ளிகள். இவ்வேலையைச் செய்வது கிராபிக்ஸ் கார்டு. 4கே எனப்படும் திரைக்குப் புள்ளிகள் 82,94,400. வேலையும் ஏறத்தாழ நான்கு மடங்கு. ஆகவே பெரிய திரைக்கு ஆசைப்பட்டால் அதற்கேற்ற கார்டுக்கும் பணம் வைக்க வேண்டும். சாதாரண முழு எச்.டி. திரையோடு நின்றுகொண்டால் பணப்பைக்குள் காரியம் முடியும். அவன் 24 அங்குல முழு எச்.டி. திரைக்கு ஒப்புக்கொண்டான்.

பணத்தின் பெரும்பகுதி கிராபிக்ஸ் கார்டுக்கே போக வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது. பாகங்களுக்கென்று உள்ள தொகையில் மூன்றிலொரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக அதற்கு ஒதுக்கினோம். செயலி அதற்கு ஈடுகொடுக்கும் அளவுக்கு இருந்தால் போதும். வாலரன்ட், மைன்கிராஃப்ட் போன்றவை கார்டைவிடச் செயலியையே அதிகம் நம்பியிருப்பவை; கார்ப் பந்தயம் கார்டை நம்பியிருப்பது. இரண்டும் ஓட வேண்டுமென்றால் ஒன்றை யானையாகவும் மற்றொன்றை ஆடாகவும் ஒரே ஏரில் பூட்ட முடியாது.

ரிச்சி தெருவில்

மே மாதம் இரவு ரயிலேறிச் சென்னை சென்றோம். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவை அறியாதவர் இருக்க மாட்டார். நரசிங்கபுரம் தெரு வரை இரு மருங்கிலும் கணிப்பொறிக் கடைகள். ஆள் நடக்கவே இடமில்லாத நெரிசல். ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும் என்பதால் சனிக்கிழமைக்குள் வேலையை முடித்துக்கொள்வது என்று திட்டம்.

முதற்கடையிலேயே சறுக்க இருந்தோம். கண்ணாடிக் கதவும், ஏழு வண்ணத்தில் சுழலும் மின்விசிறிகளுமாக ஒரு பெட்டி. "ஐ செவன் கேமிங் பிசி, ஃபோர் ஜி.பி. கிராபிக்ஸ் கார்டு, முப்பத்தெட்டாயிரம்." பையனுக்கே கண் விரிந்துவிட்டது. 26,000 ரூபாய் மிச்சம் என்றதும், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் மனமும் ஆடியது. ராத்தாவிடம் மிச்சப் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கும் காட்சியைக் கூட நினைத்துப் பார்த்துவிட்டேன்.

அவன்தான் சுதாரித்துக்கொண்டு, செயலியின் முழு எண்ணைக் கேட்டான். கடைக்காரர் இரண்டு முறை பேச்சை மாற்றிய பிறகு, ஐ7 3770 என்றார். 7 என்பதை மட்டும் பார்த்து மயங்கக்கூடாது. அதன் பின்னால் வரும் எண்ணின் தொடக்கமே அது எத்தனையாவது தலைமுறை என்பதைச் சொல்லும். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 2012-இல் வெளிவந்தது. 2022-இல் வந்த பன்னிரண்டாம் தலைமுறையின் ஐ3 12100 அதைவிடச் சிறிய பெயருடையது. ஆனால் வேலையில் அதை எளிதில் முந்திவிடும். விண்டோஸ் 11-க்குரிய செயலிகளின் பட்டியலிலும் அந்தப் பழைய ஐ7 இல்லை. கிராபிக்ஸ் கார்டோ 2014-இல் வெளிவந்த ஜி.டி. 730. அதிலுள்ள 4 ஜி.பி. என்பது நினைவகத்தின் அளவு மட்டுமே; கார்டின் வலிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. நோஞ்சான் ஒருவனிடம் பெரிய கூடையைக் கொடுத்தாற்போன்றது. வண்ண விளக்குகளுக்குக் கொடுக்கும் விலையில் கார்டின் தரத்தை ஒரு படி ஏற்றியிருக்கலாம் என்று அவன் என் காதில் சொன்னான்.

அடுத்து, பழைய கார்டுகள் விற்கும் ஒரு சிறு கடை. அங்கே 2017-இல் வெளிவந்த ரேடியான் ஆர்.எக்ஸ். 580 ஒன்று 7,000 ரூபாய்க்கு இருந்தது. எங்கள் பட்டியலிலுள்ள விளையாட்டுகளை ஓரளவு ஓட்டக்கூடியதே. நான் கடைக்காரரிடம், "இது எதற்குப் பயன்பட்டது?" என்று கேட்டேன். அவர் தயங்காமல், "மைனிங்ல ஓடுனதுதான் பாய். ஃபேன் மாத்தியிருக்கேன். டெஸ்டிங் வாரண்டி மட்டும்தான், வெளிய போனா நான் பொறுப்பில்ல" என்றார்.

எண்ம நாணயம் ஈட்டுவதற்காக இக்கார்டுகளை இரவு பகலாக மாதக்கணக்கில் ஓட்டி வந்தார்கள். எத்தீரியம் என்னும் நாணயம் 2022 செப்டம்பரில் தன் முறையை மாற்றிக்கொண்டதும் அவ்வேலைக்குக் கார்டுகள் தேவைப்படாமல் போய், அவை பழைய பொருள் சந்தைக்கு வந்து குவிந்தன. மதரஸாவில் வியாபாரப் பாடம் நடத்தும்போது 'கியாருல் ஐப்' என்று ஒன்று சொல்லிக் கொடுப்போம். விற்ற பொருளில் மறைவான குறை இருந்து, வாங்கியவர் பின்னர் அதைக் கண்டால், திருப்பிக் கொடுக்கும் உரிமை அவருக்கு உண்டு. குறையை முன்னதாகவே சொல்லி விற்றுவிட்டால் அக்குறைக்காகத் திருப்ப முடியாது. ஆடு, மாடு, அடிமை என்று கிதாபுகளில் வரும் உதாரணங்களையே ஆண்டுதோறும் சொல்லி வந்த எனக்கு, ரிச்சி தெருவில் ஒரு புதிய உதாரணம் கிடைத்தது. அந்தக் கடைக்காரர் குறையை மறைக்கவில்லை. நாங்கள் கார்டை வாங்கவில்லை. ஆனால் அவர் வாங்கித் தந்த தேநீரைக் குடித்துவிட்டுத்தான் வந்தோம். கையில் 30,000 ரூபாயே உள்ள பிள்ளைக்கு அது நல்ல வியாபாரமாகவும் இருந்திருக்கலாம். எங்களிடம் புதிய கார்டுக்குப் பணம் இருந்தது. மூன்று ஆண்டு உத்தரவாதத்தை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை.

அண்ணா சாலையிலுள்ள மக்கா மஸ்ஜிதில் லுஹர் தொழுதுவிட்டு, மூன்று கடைகளில் விலைப்பட்டியல் எழுதி வாங்கினோம். ஒரே பாகத்துக்குக் கடைக்குக் கடை ஐந்நூறு, ஆயிரம் என்று வித்தியாசம். வாயால் சொல்லும் விலையை நம்பாமல், ஜி.எஸ்.டி. ரசீதோடு என்ன விலை என்று கேட்டு எழுதி வாங்குவது நல்லது. உத்தரவாதம் கோரி ஓராண்டு கழித்து வரும்போது கையில் ரசீது இல்லாவிட்டால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

ஐந்நூறு எங்கே?

கார்டும் செயலியும் முடிவாகிவிட்டன. ரேடியான் ஆர்.எக்ஸ். 6600, 8 ஜி.பி. நினைவகத்துடன், ரைசன் 5 5600, ஆறு கருக்கள் உடையது. எஞ்சியிருந்தது மின்வழங்கி. கடைத்தெருவில் அதற்கு எஸ்.எம்.பி.எஸ். என்றுதான் பெயர். கடைக்காரர், "கேபினட்டோட சேர்த்து ஐந்நூறு வாட் எஸ்.எம்.பி.எஸ். தர்றேன், தனியா எண்ணூறு ரூபா போதும்" என்றார். மற்றொன்றின் விலை 3,900. வேடிக்கை என்னவென்றால், அதுவரை ஒவ்வொரு எண்ணையும் துருவிக் கேட்ட பையன் இவ்விடத்தில் மட்டும் மலிவானதற்குத் தலையசைத்தான். மிச்சமாகும் 3,100 ரூபாயில் இன்னும் நல்ல திரை வாங்கலாமே என்பது அவன் எண்ணம். ஒளிரும் பாகத்துக்குக் கொடுக்கும் பணம் கண்ணுக்குத் தெரிகிறது. பெட்டிக்குள் மூலையில் கிடக்கும் இரும்புக் கூட்டுக்குக் கொடுப்பது தெரிவதில்லை.

எனக்குத் தெரிந்த மின்பணியாளர் ஒருவர்தான். "உன் வாப்பாவைக் கேள்" என்றேன்.

காணொலி அழைப்பில் மச்சான் வந்தார். வேலைத்தளத்தில் தலைக்கவசத்துடன் நின்றிருந்தார். மகன் மலிவான பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைக் கைப்பேசிக்கு நேராகக் காட்டினான்.

"பன்னெண்டு வோல்ட் வரியில எத்தனை ஆம்பியர் போட்டிருக்கு?"

"பதினாறு, வாப்பா."

"பெருக்கு."

"நூத்தித் தொண்ணூத்திரண்டு."

"அப்ப ஐந்நூறு எங்கே?"

பையன் விழித்தான். மச்சான் விளக்கினார். கணிப்பொறியில் கார்டும் செயலியும் உண்பது 12 வோல்ட் மின்சாரத்தை. பெட்டியின் மேல் எவ்வளவு பெரிய எண் போட்டிருந்தாலும் அவ்வரிசையில் வருவதே கணக்கு. ஆர்.எக்ஸ். 6600 உச்ச வேலையில் 132 வாட் இழுக்கும். ரைசன் 5600-க்கு 76 வாட் வரை போகும். இவ்விரண்டுக்கு மட்டுமே 208 வாட். கடைக்காரர் தந்த 'ஐந்நூறு' இவற்றுக்கே போதாது. விசிறிகள், சேமிப்பகம், மதர்போர்டு எல்லாம் இனிமேல்தான். மற்றொன்றின் சீட்டைக் காட்டச் சொன்னார். 550 வாட், 12 வோல்ட்டில் 43 ஆம்பியர், பெருக்கினால் 516. "இதை வாங்கு. மின்சாரத்தில கஞ்சத்தனம் பண்ணினா அது கூட இருக்கிறதையும் சேர்த்துச் சுட்டுடும்" என்றார். எங்கள் தெருவிலேயே முந்தைய ஆண்டு ஒரு பையனின் கணிப்பொறியில் மலிவான மின்வழங்கி வெடித்து, மதர்போர்டையும் உடன் கொண்டுபோன செய்தி அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

அட்டைப் பெட்டியில் 80 பிளஸ் என்று ஒரு முத்திரை இருந்தது. சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவை வீணாக்காமல் கொடுக்கிறது என்பதற்கான அளவு அது. காவலுக்கான சான்று அன்று என்பதையும் மச்சானே சொன்னார். மிகை மின்னோட்டம், குறுக்குச்சுற்று ஆகியவற்றுக்குப் பாதுகாப்பு உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டுமாம்.

அளவையில் குறை செய்வோரின் பெயராலேயே திருக்குர்ஆனில் 83-ஆவது அத்தியாயம் அமைந்துள்ளது. தராசையும் மரக்காலையும் மனத்தில் வைத்தே இத்தனை ஆண்டுகள் அதை ஓதிக் கொடுத்திருக்கிறேன். 192-ஐ ஐந்நூறு என்று அச்சிட்டு ஒட்டும் சீட்டு, குறைந்த மரக்காலுக்கு எவ்விதத்தில் மாறுபட்டது?

அந்த அழைப்பு 25 நிமிடம் நீடித்தது. நான் ஒதுங்கி நின்றுகொண்டேன். பிறகு வாப்பாவும் மகனும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நடுவே இருவரும் சிரித்த ஓசை மட்டும் கேட்டது.

ரசீது

வாசகர்களுக்குப் பயன்படும் என்பதால் 2024 மே மாதத்து ரசீதை அப்படியே தருகிறேன். ரைசன் 5 5600 செயலி 11,400; பி450 வகை மதர்போர்டு 6,300; 8 ஜி.பி. வீதம் இரண்டு நினைவகம் 3,500, 500 ஜி.பி. என்.வி.எம்.இ. சேமிப்பகம் 3,300, கிராபிக்ஸ் கார்டு 20,800, எஸ்.எம்.பி.எஸ். 3,900, கேபினட் 2,800. இவை 52,000. திரை 9,000, விசைப்பலகையும் சுட்டியும் 1,300. ஆக மொத்தம் 62,300 ரூபாய்.

நினைவகத்தை ஒரே 16 ஜி.பி.யாக வாங்காமல் இரண்டு எட்டாக வாங்கியதற்குக் காரணம் உண்டு. இரட்டையாகப் போட்டால் செயலிக்கு இரு வழிகள் திறக்கின்றன; ஒற்றையாகப் போட்டால் ஒரு வழிதான். கேபினட் வாங்கும்போது முன்புறம் கண்ணாடி மூடியதைத் தவிர்த்து வலை போட்டதை எடுத்தோம். எங்கள் ஊர் வெக்கையில் காற்று உள்ளே போக வழியில்லாத பெட்டி அடுப்பாகிவிடும். கடற்காற்றின் உப்பும் தூசும் வேறு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தூரிகையால் துடைக்க வேண்டும் என்பதை ராத்தா உடனே பிடித்துக்கொண்டார். அந்த வீட்டில் அவருக்கு இக்கணிப்பொறியோடு ஏற்பட்ட முதல் உறவு அதுதான்.

அந்த மதர்போர்டில் செயலியைப் பொருத்தும் ஏ.எம்.4 என்னும் இருக்கை, 2017-இன் முதல் ரைசன்களிலிருந்து வந்துகொண்டிருப்பது. 2024 ஜனவரியில்கூட அதற்கு 5700எக்ஸ்3டி என்னும் புதிய செயலி வெளிவந்தது. பிற்காலத்தில் பணம் சேர்ந்தால் செயலியை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். இதற்கு அடுத்த ஏ.எம்.5 இருக்கைக்கு டி.டி.ஆர்.5 நினைவகமே வேண்டும். எங்கள் பணத்துக்கு அது எட்டவில்லை.

நாங்கள் கணக்கில் சேர்க்க மறந்த ஒன்று விண்டோஸ் உரிமம். "அது ஃப்ரீயா போட்டுத் தர்றேன்" என்றார் கடைக்காரர். களவுப் பிரதிக்கு இலவசம் என்று பெயர். வேண்டாம் என்றேன். பையனின் முகம் வாடிவிட்டது. மீதியிருந்த 1,700 ரூபாயில் உரிமம் வாங்க முடியாது. லினக்ஸ் என்னும் கட்டணமில்லா இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டான். மைன்கிராஃப்ட் ஓடியது. விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டுவதற்கு வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்ட புரோட்டான் என்னும் ஏற்பாட்டின் துணையால் கார்ப் பந்தயமும் ஓடியது. வாலரன்ட்டும் எஃப்.சி. 24-உம் விண்டோஸ் இல்லாமல் ஓடாதவை. அவற்றுக்கு அவன் அடுத்த பெருநாள் காசு வரை காத்திருந்தான். உங்கள் பிள்ளைக்கு வாங்கும்போது உரிமத்தின் விலையை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கறுப்புத் திரை

ஊர் வந்து, தரையில் பாய் விரித்து, இருவருமாகப் பூட்டினோம். நான் செய்த வேலை திருகாணிகளை ஒரு தட்டில் சிந்தாமல் வைத்திருந்தது. மஃரிபுக்கு முன் பொத்தானை அழுத்தினான். விசிறிகள் சுழன்றன. திரையில் ஒன்றுமில்லை.

அவிழ்த்துப் பூட்டினான். நினைவகத்தைக் கழற்றி மாட்டினான். ஒன்றுமில்லை. இஷா தொழுதுவிட்டு வந்தபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தான், கண்கள் கலங்கியிருந்தன. ராத்தா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அறுபதாயிரம் என்று அவர் வாய் திறந்து சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

காரணம் அற்பமானது. திரையின் கம்பியை மதர்போர்டின் துளையில் செருகியிருந்தான். ரைசன் 5600 செயலியில் படம் காட்டும் பகுதி கிடையாது. கம்பியைக் கிராபிக்ஸ் கார்டின் துளையில்தான் செருக வேண்டும். மாற்றியதும் வெளிச்சம் வந்தது. முதன்முறை பூட்டுவோர் பலருக்கும் நேரும் தவறுதானாம்.

மறுநாள் வேறொரு சிக்கல். கேபினட்டின் இரும்பைத் தொட்டால் விரலில் சுருக்கென்று இருந்தது. மறுபடியும் ஷார்ஜாவுக்கு அழைப்பு. இம்முறை மகன் தானாகவே அழைத்தான். மின்வழங்கியின் வாயிலில் இரைச்சலை வடிகட்டும் சிறு மின்தேக்கிகள் இருக்கும், அவை இரும்புக் கூட்டோடு இணைந்திருக்கும், எர்த் கம்பி சரியாக இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குப் போய்விடும், இல்லாவிட்டால் கூட்டிலேயே நிற்கும் என்றார் மச்சான். "பிளக்கைக் கழட்டிப் பார்க்கச் சொல்லு, மூணாவது துளைக்குக் கம்பியே வந்திருக்காது." ஊர் மின்பணியாளர் வந்து பார்த்தார். அப்படியேதான் இருந்தது. வீடு கட்டிய நாள் முதல் அம்மூன்றாம் துளை வெறும் அலங்காரமாக இருந்திருக்கிறது. குளிர்பதனப் பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் இருந்த சுவர்களிலும் அதே நிலை. எல்லாவற்றுக்கும் சேர்த்து எர்த் இழுத்தோம். மீதியிருந்த 1,700 அதில் போயிற்று. மேற்கொண்டு ஆனதை ராத்தாவே கொடுத்தார்.

இன்று வாங்குவோர் மேற்சொன்ன ரசீதை வைத்துக்கொண்டு கடைக்குப் போக வேண்டாம். 2025-இன் பிற்பகுதியில் செயற்கை நுண்ணறிவுக்கான பெரும் கணிப்பொறி மையங்கள் நினைவகத்தை அள்ளிக்கொண்டதால் அதன் விலை சில மாதங்களிலேயே இரு மடங்கைத் தாண்டியது. கார்டுகளிலும் இன்டெல்லின் 12 ஜி.பி. பி580 2024 டிசம்பரிலும், ஏ.எம்.டி.யின் 9060 எக்ஸ்.டி. 2025 ஜூனிலும் வந்துவிட்டன. வாங்கப் போகும் வாரத்து விலையையே பார்க்க வேண்டும். பணம் மிகக் குறைவாயின், நிறுவனங்கள் கழித்துவிடும் பழைய அலுவலகக் கணிப்பொறியை வாங்கி, 70 வாட்டிலேயே ஓடும் ஆர்.டி.எக்ஸ். 3050 6 ஜி.பி. கார்டைச் செருகலாம்; அதற்குத் தனி மின்கம்பி தேவையில்லை. ஆனால் அப்பெட்டிக்குள் கார்டு நுழையுமா என்று அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்குக் கீழ் இறங்க வேண்டாம்.

மச்சான் 2025-இல் விடுப்பில் வந்தார். பெட்டி படுக்கையை வைத்த கையோடு டார்ச்சை எடுத்துக்கொண்டு கணிப்பொறியின் முன் குந்தி உட்கார்ந்தார். பக்கத் தகட்டைக் கழற்றச் சொல்லி, உள்ளே நெடுநேரம் பார்த்தார்.

"இந்த ஒயரெல்லாம் நீயா கட்டினே?"

"ஆமா வாப்பா."

விசிறிக்கு அருகே தொங்கிய ஒரு கம்பியை மட்டும் அவிழ்த்துச் சற்றுத் தள்ளிக் கட்டினார். வேறொன்றும் சொல்லவில்லை. இஷாவுக்குப் பிறகு இருவரும் கார்ப் பந்தயத்தில் உட்கார்ந்தார்கள். ஷார்ஜா நெடுஞ்சாலையில் 12 ஆண்டுகள் வண்டி ஓட்டியவர், முதல் வளைவிலேயே காரைக் கொண்டுபோய் மரத்தில் மோதினார். ராத்தா இரண்டு முறை சாப்பிட அழைத்தார்.